அட்டையில் ஓர் எழுத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது ஒரு வேலையைச் சரிபார்க்காமல் முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டால், "என்ன, கதிரேசன் அட்டையா?" என்று கேட்பார்கள். கதிரேசன் நான்தான். அட்டை என் நாவலின் அட்டை. குழாய் பழுதுபார்க்க வந்தவர் ஒழுகலை அப்படியே விட்டுப் போனாலும் கதிரேசன் அட்டை. கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா பேர் விட்டுப்போனாலும் கதிரேசன் அட்டை. ஒருநாள் பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் பின்கதவைத் தாழ் போடாமல் லாரியைக் கிளப்பியதில் முட்டைக்கோஸ் ரோடெல்லாம் உருண்டது. எதிர்க்கடையிலிருந்து ஒருவர், "அடேய், கதிரேசன் அட்டை!" என்று கத்தினார். பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் நான். கத்தியவருக்கு அப்படி ஓர் ஆள் உயிரோடு இருப்பதே தெரியாது.

எங்கள் மலையிலுள்ள தானா ராத்தா, கம்போங் ராஜா ஊர்ப் பக்கத்தில் எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் சிலர் ஒரு வாட்சாப் குழு வைத்திருக்கிறார்கள். பதிப்பகம் எதுவும் இல்லாமல் சொந்தமாக ஒரு நாவலை எழுதி, அச்சிட்டு, வெளியிட்ட அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். "அட்டையில பிழை வராம எப்படிப் பாத்துக்கறதுன்னும் சேத்து எழுதுங்க சார்" என்று ஒரு பெண் மூன்று சிரிப்புப் படம் போட்டு அனுப்பியிருந்தாள். அதற்கும் இதில் பதில் இருக்கிறது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இப்போது சொல்வதற்கு அனுமதி வாங்கியிருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், தானா ராத்தாவில் மூன்று வருஷம், அதற்குப் பிறகு மளிகைச் சாமான் சுற்றி வந்த செய்தித்தாள். பத்தொன்பது வயதில் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனேன், அறுபதில் வெளியே வந்தேன். நடுவிலிருந்த வருஷங்களில் பெரும்பகுதி கொழுந்து வாட்டும் மாடியில் போனது.

பறித்த கொழுந்து லாரியிலிருந்து இறங்கியதும் நேரே உருட்டும் எந்திரத்துக்குப் போய்விடாது. நீளமான தொட்டிகளில், கம்பி வலைமேல் பரப்பி, கீழிருந்து விசிறிக் காற்று விடவேண்டும். அரை நாளுக்கு மேல் அப்படியே கிடந்து தன் ஈரத்தை அது விடவேண்டும். ஈரம் விடாததை உருட்டினால் சாறு கொட்டிவிடும், அளவுக்கு மீறி விட்டதை உருட்டினால் தூளாகிவிடும். எப்போது போதும் என்று சொல்வதுதான் அந்த மாடியில் வேலை.

சொல்லும் அதிகாரம் தணிகாசலம் ஐயாவுக்கு. எங்கள் தொழிற்சாலை அதிகாரி. ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். கடிகாரத்தை வலக்கையில் கட்டுவார், இடக்கை கொழுந்துக்கு என்பார். தொட்டியின் தலைமாட்டில் ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, கால்மாட்டில் ஒரு பிடி எடுப்பார். ஒவ்வொன்றையும் உருண்டையாக அழுத்திப் பிடித்து, மனத்துக்குள் ஐந்து எண்ணி, விரல்களைத் திறப்பார். உருண்டை படபடவென்று விரிந்து உதிர்ந்தால், "முழிச்சிருக்கு" என்பார். உருண்டையாகவே நின்று மெல்ல மெல்ல இளகினால், "தூங்கிருச்சு, எடுங்க" என்பார். எங்கள் கவனக்குறைவால் காற்று அதிகமாகி, இலை விரலில் குத்தினால், "செத்துருச்சு" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஈரம் அளக்கக் கருவியும் வைத்திருந்தோம். அதையும் பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடி கையை விடுவார். ஒருநாள் கேட்டேன், "ஐயா, மெஷின்தான் சொல்லிருச்சே?"

"மெஷினு ஈரத்தச் சொல்லும்லா கதிரேசா. தூக்கத்தச் சொல்லாது."

அதை அன்றே எழுதி வைத்தேன். எனக்கு இந்தக் கிறுக்கு சின்ன வயதிலிருந்தே உண்டு. யார் எதைச் சொன்னாலும், நன்றாக இருந்தால் எழுதிவிடுவேன். வெப்பநிலை குறித்து முடித்த தாள்களின் பின்பக்கம் என் நோட்டு. "ஏறுறப்ப இஞ்சின் தெரியும், எறங்குறப்பத்தான்லா டிரைவர் தெரியும்" என்பது ஒரு லாரி ஓட்டுநர் சொன்னது. "சாமிக்குப் பசிக்காது, மொதல்ல ஆளுக்குப் போடு" என்பது திருவிழாச் சமையலில் ஓர் அம்மா சொன்னது. ஓய்வு பெறும்போது அப்படி இருபத்தொரு கட்டு இருந்தது. என் மனைவி சரசு, "ஊரு வாயெல்லாம் நம்ம வீட்டு அலமாரிலதான் கெடக்கு" என்று சொன்னாள். அதையும் எழுதினேன்.

அதில் எனக்கு ஒரு பழக்கம். சொன்னதை எழுதுவேன், சொன்னவர் பேரை எழுத மாட்டேன். பழமொழிக்கு யார் பேர் போடுகிறார்கள்? நாலு பேர் வாயில் ஏறிவிட்டால் அது ஊர்ச் சொல். இந்தப் பழக்கம்தான் பின்னால் என் காலை வாரியது.

நாவலாக எழுதலாம் என்று தோன்றியது ஓய்வுக்குப் பிறகுதான். தோட்டத்தில் ஒரு பெண், அவளை விட்டுப் போன கணவன், அதற்குப் பிறகு அவள் இருந்த இருப்பு. இவ்வளவுதான் கதை. மூன்று வருஷம் ஆனது. முதலில் கையால் எழுதினேன். பிறகு கைப்பேசியில், ஒரே கட்டை விரலால் தட்டச்சு செய்தேன். கைப்பேசிக்கு என்னைவிட அவசரம். நான் ஒரு சொல்லைத் தொடங்கினால் அது தனக்குத் தெரிந்ததைப் போட்டு முடித்துவிடும். "கொழுந்து" என்று நான் அடித்த இடமெல்லாம் அது "குழந்தை" என்று மாற்றிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் பிரதியை வாசித்த சரசு அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"ஏங்க, இங்க வாங்க. 'காலையில் பறித்த குழந்தைகளை மாடியில் பரப்பி, வாடியதும் உருட்டி, வறுத்துப் பெட்டியில் அடைத்தார்கள்.' இந்தத் தோட்டத்துக்கு யாரு வேலைக்கு வருவா?"

அவள் அதோடு விடவில்லை, கோயிலில் நாலு பேரிடம் சொன்னாள். புத்தகம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே "குழந்தைய வறுத்தவரு" என்று என்னைத் தோட்டம் அறிந்திருந்தது. இந்தச் சின்னக் கேலி பின்னால் எனக்கு உதவிக்கு வரும் என்று அப்போது தெரியாது.

திருத்திய பிரதியை எடுத்துக்கொண்டு தணிகாசலம் ஐயாவிடம் போனேன். அவர் அப்போது தானா ராத்தாவில் மகன் வீட்டில் இருந்தார். இலக்கியம் படித்தவர் இல்லை. ஆனால் எதையும் பிடித்துப் பார்க்காமல் சொல்லாதவர். ஒவ்வோர் அத்தியாயமாகப் படிப்பார். படித்து மூடி வைத்து, இரண்டு நாள் கழித்து, தாளைப் பார்க்காமல் எனக்கே திருப்பிச் சொல்வார். சொல்ல வந்தால் தூங்கிவிட்டது. சொல்ல வராமல் சிதறினால் முழித்திருக்கிறது.

"கதிரேசா, ஒம்பதாவது அத்தியாயத்துல என்னா நடக்குது?"

"பெண்களோட நெலமயப் பத்தி நான் கொஞ்சம்..."

"நீ சொல்றது எனக்கு ஞாபகம் இல்ல. அந்தப் பொம்பள அரிசி களையறது மட்டும் கையில நிக்குது. மத்தது முழிச்சிருக்கு."

ஒன்பதாவது அத்தியாயம் பதினான்கு பக்கத்திலிருந்து மூன்று பக்கமானது. ஒரே ஓர் அத்தியாயத்துக்கு "செத்துருச்சு" சொன்னார். அதை எடுத்தே விட்டேன். கடைசியில் தலைப்பு எழுதிய முதல் தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

"வெயிலில் எடுத்த குடை. இது யாரு சொன்னது?"

"ஊர்ச் சொல்லுங்கய்யா."

"ஊரு வந்து கையெழுத்துப் போடுமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். எங்கள் மலையில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மழை. காலை வெயிலில் கிளம்புகிறவர் குடை எடுக்க மாட்டார், மழைக்கு முன் திரும்பிவிடலாம் என்ற எண்ணம். வெயிலில் ஒருவர் குடை எடுத்தால் அன்றைக்குத் திரும்பப் போவதில்லை என்று பொருள். நாற்பது வருஷத்துக்கு முன், எங்கள் தொழிற்சாலையில் சல்லடைப் பகுதியில் தூள் பிரித்துக்கொண்டிருந்த பாக்கியம் என்ற பெண்ணின் கணவர், ஒரு காலையில் கம்போங் ராஜாவுக்கு என்று கிளம்பிப் போனார். அங்கிருந்து கிளந்தானுக்கு இறங்கும் ரோட்டில் போனதாகச் சிலர் சொன்னார்கள். திரும்பவில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு வந்த பாக்கியத்தைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "உனக்கு ஒண்ணுமே தெரியலயா?" என்று கேட்டபோது அவள் சொன்னது இது: "வெயில்ல குடைய எடுத்துட்டுப் போனாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். பெண்கள் அழுதார்கள், அவள் சல்லடைக்குப் போய்விட்டாள். ஒரு வருஷத்துக்குள் அது தோட்டத்தின் சொல்லாகிவிட்டது. வேலையை விடப் போகிறவனைப் பார்த்து, "என்னலா, வெயில்ல குடையா?" என்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டைப் பற்றி, "குடைய எடுத்துட்டாங்க" என்பார்கள். இப்போது சொல்லுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாக்கியத்தைத் தெரியாது.

நாவலில் அவள் பேரை மாற்றினேன். சல்லடைப் பகுதியை எடுத்துவிட்டு அவளைக் கொழுந்துக் காட்டில் வைத்தேன். ஒரு மகளை இரண்டு மகன்களாக்கினேன். கணவருக்கு மீசை வைத்தேன். இத்தனையும் செய்துவிட்டு, அவள் வாயிலிருந்து வந்ததை அட்டையில் போட்டேன். எங்கள் தோட்டத்தில் ஆளைப் பேரால் அறிகிறவர் குறைவு. "நாளைக்கு" சுப்பிரமணியம், "அப்படியா" அஞ்சலை என்று, சொல்லும் சொல்லால்தான் அறிவார்கள். அந்த ஊரில் பேரை மறைத்துப் பேச்சை மறைக்காமல் விடுவது, ஆளை முக்காடு போட்டு மேடையில் நிறுத்திவிட்டு வீட்டு எண்ணைக் கையில் கொடுப்பது மாதிரி. இதை நாற்பது வருஷம் சொல் பொறுக்கிய நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்ற பயம் ஓரத்தில் இருந்தது. ஊர்ச் சொல் என்பது அந்தப் பயத்துக்கு நான் போட்ட சட்டை.

ஈப்போவில் அச்சடித்தோம். முந்நூறு பிரதி. மலைக்கு ஏற்றிக்கொண்டு வர, காய்கறி இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் கோலா தெர்லா லாரி ஒன்றைப் பிடித்தேன். பெட்டியைத் திறந்தால் புத்தகத்தில் முட்டைக்கோஸ் வாசனை. வழவழப்பான அட்டை, மஞ்சள் வெயில், ஒரு கறுப்புக் குடை, மேலே பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே என் பேர். ஒரு பிரதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நாலு தடவை நடந்தேன். சரசு பார்த்துவிட்டுக் கேலி செய்யாமல் அடுப்படிக்குப் போனாள். அது அவளுக்கு அபூர்வம்.

வெளியீட்டு விழாவைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை வைத்துக்கொண்டோம். ஆறு நாள் இருந்தது. மேடைக்குப் பூ வேண்டும். கம்போங் ராஜாவில் பூக்கடை வைத்திருப்பது மலர், பாக்கியத்தின் மகள். கடைக்குப் பின்னாலேயே வீடு. பாக்கியமும் அங்கேதான் இருந்தாள். போன வாரமே சாமந்திக்குச் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு முதல் பிரதியைக் காட்டலாம் என்று பெருமையோடு போனேன்.

"வாங்க மாமா. பசியாறிட்டீங்களா? எங்க, பொஸ்தகத்தக் காட்டுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள் மலர். அட்டையைப் பார்த்தாள். திறக்கவில்லை. பூ வெட்டும் பலகைமேல் குப்புற வைத்தாள்.

"ஏம் மாமா?"

"என்னம்மா?"

"பள்ளிக்கூடத்துல என்னய என்ன பேரு சொல்லிக் கூப்புட்டாங்க தெரியுமா உங்களுக்கு? குடை. ஆறு வருஷம். 'ஏய் குடை, இங்க வா. ஏய் குடை, மழை வருது பாரு.' கல்யாணம் கட்டித் தோட்டத்த விட்டு இங்க வந்தேன், அப்பாடான்னு இருந்துச்சு. இப்ப நீங்க படம் வரைஞ்சு, கலர் அடிச்சு, முந்நூறு போட்டு வந்துருக்கீங்க. அதுக்கு நானே பூ கட்டணுமா?"

"பேரெல்லாம் மாத்திட்டேம்மா."

"பேர மாத்துனீங்க. பேச்ச மாத்தலயே. எங்கம்மாவ ஏமாந்தவள்னு ஊரே சிரிச்சது போதாதா?"

பின்னால் கதவுத் துணியை விலக்கிக்கொண்டு பாக்கியம் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முழங்கால் வலி. வந்து முக்காலியில் உட்கார்ந்து, "குடுங்க பாப்போம்" என்று கையை நீட்டினாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக, "வெ... யி... லி... ல். எ... டு... த்... த." அங்கே விரல் நின்றது.

"உள்ளயும் இப்படித்தாண்ணே இருக்கா? அவரே எடுத்துட்டுப் போனார்னு?"

"ஆமா பாக்கியம். நீ சொன்னதுதானே."

"நான் சொன்னதுதான்." விரலை எடுக்கவில்லை. "அவர் எடுக்கல. நான் குடுத்தேன்."

மலர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

பாக்கியம் எங்கள் இருவரையும் பார்க்காமல், புத்தகத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஒரு வருஷமாப் போறேன் போறேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. அவருக்கு அந்தப் பக்கம் ஒரு எடம் இருந்துச்சு. எனக்குத் தெரியும். அன்னிக்குச் சட்டைய ரெண்டா எடுத்து மடிச்சாரு. சரி, இது போறதுதான்னு தெரிஞ்சுபோச்சு. வாசல்ல போயி நின்னுக்கிட்டு ஏறவும் மாட்டேங்கறாரு, எறங்கவும் மாட்டேங்கறாரு. நான் ஒரு வார்த்த சொன்னா நின்னுருவாரு. எனக்குச் சொல்லத் தோணல. அவருக்கு நெஞ்சுச் சளி, நனைஞ்சா மூணு நாளு எழுந்திரிக்க மாட்டாரு. குடைய எடுத்துக் கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு. அவ்வளவுதான்."

"அப்பறம் ஏம்மா அப்படிச் சொன்ன?" மலரின் குரல் மாறியிருந்தது.

"பெக்டரில அத்தன பேரு சுத்தி நிக்கிறாளுங்க. நான்தான் குடையக் குடுத்து அனுப்பி வச்சேன்னு சொல்லட்டுமா? வெரட்டி விட்டுட்டான்னுவாளுங்க. அவர் எடுத்துட்டார்னேன். ஏமாந்தவள்னாங்க. அது பரவால்ல, ஏமாந்தவளுக்கு ஒரு வா சோறு குடுப்பாங்க. வெரட்டுனவளுக்குக் குடுக்க மாட்டாங்க. உன்னய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

மலர் எழுந்து கடையின் முன்பக்கம் போனாள். பூவாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்த பிறகும் வெகு நேரம் கேட்டது.

நான் சொன்னேன், "பாக்கியம், நிறுத்திடறேன். விழா வேண்டாம். அட்டையக் கிழிச்சுட்டு வேற போட்டுக்கலாம்."

"எதுக்குக் கிழிக்கணும்? உள்ள இருக்கறது உங்க கத. அது எப்படி வேணா இருக்கட்டும். அட்டையில இருக்கறது என் பேச்சு." புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "நாப்பது வருஷமா வாயில கெடந்தது, காத்தோட போயிரும்னு விட்டுட்டேன். அச்சுல ஏறிடுச்சுன்னா நான் போன பெறவும் நிக்கும். பொய்யி நிக்க வேணாம்ணே."

"திருத்திடட்டுமா?"

"திருத்துங்க. ஆனா ஏன்னு யாருக்கும் சொல்லக் கூடாது. அவ கேட்டதே போதும்."

இந்த இரண்டும் எப்படிச் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. தலைப்பைத் திருத்தினால் ஊர் காரணம் கேட்கும். காரணம் சொல்லக் கூடாது. பதிப்பகம் இருந்தால் அவர்கள்மேல் போட்டுவிட்டுப் போகலாம். சொந்தமாகப் புத்தகம் போடுவதில் உள்ள சிரமம் என்ன என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன்: அச்சடிப்பதும் சுமப்பதும் பெரிய சிரமம் இல்லை. முடிவெடுக்க உங்களைத் தவிர ஆள் கிடையாது.

மறு அட்டை போட ஈப்போவில் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது என்றார்கள். அது நியாயம்தான். மலரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பூ வருமா வராதா என்று நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் பாக்கியத்துக்குக் கூப்பிட்டேன். "மலர் என்கிட்ட அஞ்சு நாளா வேணுங்கறத மட்டும்தான் பேசறா. சாப்புடறியா, மாத்திர போட்டியா. வேற பேச்சு இல்ல" என்றாள். "நீங்க நடத்துங்கண்ணே. நான் எப்படியும் வருவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மண்டபத்துக்குப் போனபோது மேடையில் சாமந்தி இருந்தது. வெள்ளையும் மஞ்சளும், கேட்டதைவிட இரண்டு வாளி அதிகம். யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று தெரியவில்லை.

விழாவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வரவேற்புரை பேசியவர் என்னை ஊசியிலை மரத்தோடு ஒப்பிட்டார். தணிகாசலம் ஐயா முதல் பிரதியை வெளியிட்டு, இரண்டு நிமிஷம் பேசி, "வாடியிருக்கு" என்று முடித்தார். கூட்டத்துக்கு அது பாராட்டு என்று புரியவில்லை, எனக்குப் புரிந்தது. பிறகு வழக்கப்படி நான் மேசை போட்டு உட்கார, மக்கள் வரிசையில் வந்து புத்தகம் வாங்கிக் கையெழுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். முன்வரிசையில் உட்காரக் கூப்பிட்டும் வராத பாக்கியம், அந்த வரிசையில் வந்து நின்றாள். அவளுக்கு முன் நாலு பேர். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

அவள் முறை வந்தது. புத்தகத்தை மேசையில் வைத்து, திறக்காமல், அட்டையில் விரலை வைத்தாள்.

"திருத்துங்க."

நான் பேனாவை எடுத்து 'எ' மேல் கோடு போட்டேன். விழவில்லை. வழவழப்பு அட்டை, பேனா வழுக்கியது. மறுபடி அழுத்தினேன், கோடு கண்ணுக்கே தெரியவில்லை. வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்தார். அப்போது பாக்கியத்தின் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. பூப்பெட்டிகளின்மேல் ஊர்ப் பேர் எழுதும் தடித்த கறுப்பு மார்க்கர். மலர்.

வாங்கினேன். 'எ'வை அடித்தேன். அதற்கு மேல் 'கொ' என்று எழுதினேன். வெயிலில் கொடுத்த குடை. பாக்கியம் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

மலர் தன் பிரதியை வைத்தாள். "எனக்கும் மாமா. அதே மாதிரி" என்றாள். நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "படியப் பாத்து எறங்கும்மா" என்றாள்.

அடுத்து நின்றவர் எங்கள் பழைய லாரி ஓட்டுநர், இறங்கும்போதுதான் டிரைவர் தெரியும் என்று சொன்னவரேதான். இரண்டு புத்தகத்தையும் பார்த்துவிட்டார்.

"என்னலா கதிரேசு, அட்டையிலயே மிஸ்டேக்கா?"

படியோரம் போய்க்கொண்டிருந்த பாக்கியம் நின்றாள். திரும்பவில்லை.

"ஆமா" என்றேன். "கவனிக்காம விட்டுட்டேன்."

"ஈப்போக்காரன் பண்ணிட்டானா?"

"இல்லலா. அவங்க நான் குடுத்ததத்தான் அடிச்சாங்க. தப்பு என்னுது."

"குழந்தைய வறுத்தவருதானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. சரசுதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பாக்கியம் படியிறங்கினாள்.

"எனக்கும் திருத்திக் குடுங்க, தப்பு பொஸ்தகம் எனக்கு வேணாம்" என்றார் ஓட்டுநர். அதற்கு அடுத்தவரும் கேட்டார். அப்புறம் வரிசை முழுவதும் கேட்டது. மீதியை வீட்டில் உட்கார்ந்து நானும் சரசுவும் திருத்தினோம். முந்நூறு பிரதியிலும் அந்தக் கறுப்பு எழுத்து உண்டு. 'கொ'வின் கொம்பு ஒன்றில் இருப்பதுபோல் மற்றொன்றில் இருக்காது. மார்க்கர் மூன்று தீர்ந்தது.

தணிகாசலம் ஐயா கடைசியாகத்தான் வந்தார். அட்டையைப் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார், அங்கே மலர் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை இடக்கையில் வாங்கி, ஓர் அழுத்து அழுத்தி, ஐந்து எண்ணும் நேரம் வைத்திருந்தார்.

"இப்பத் தூங்கிருச்சு" என்றார்.

அதற்குப் பிறகுதான் "கதிரேசன் அட்டை" என்ற சொல் பிறந்தது. கோலா தெர்லாவிலிருந்து திரிங்காப் வரை அது போனது. குடைச் சொல்லை இப்போது தோட்டத்தில் அதிகம் கேட்க முடிவதில்லை. யாராவது சொல்லத் தொடங்கினால், "எடுத்தானா, குடுத்தாளா? எழுதுனவருக்கே தெரியல" என்று கேலி என் பக்கம் திரும்பிவிடுகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய். முதல் ஆறு மாதம் கடைக்குப் போகக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நடப்பது எப்படி இருக்கும் என்பது நாற்பது வருஷம் நோட்டில் எழுதித் தெரியாதது, ஆறு மாதத்தில் தெரிந்தது.

இளையவர்கள் இந்தக் கட்டுரையைக் கேட்டதும் பாக்கியத்தைக் கூப்பிட்டேன். அட்டையைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா, என் கவனக்குறைவு என்று விழாவில் சொன்ன பழைய பொய்யையே எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதிடுங்கண்ணே, நடந்ததயே எழுதிடுங்க" என்றாள்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னியே?"

"அப்பச் சொன்னேன். இப்ப மலரே கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்றா, எங்கம்மாதான் குடுத்து அனுப்புச்சுன்னு. பெருமயா வேற சொல்றா." கொஞ்சம் இருமிவிட்டுத் தொடர்ந்தாள். "அவரு அன்னிக்கு நனையாமத்தான் போயிருப்பாரு. நீங்கதான் எனக்காவ இன்னும் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க. உள்ள வாங்கண்ணே, போதும்."

போனை வைத்துவிட்டு, இருபத்திரண்டாம் கட்டை எடுத்து, அவள் சொன்னதை எழுதினேன். எழுதி முடித்த பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, பக்கத்தில் பேரையும் எழுதினேன்: சொன்னவர், பாக்கியம்.